ஒன்பதாம் படத்தில் நின்றவள்

படக்காரர் சிற்றம்பலம் காலமான மறுநாள் காலையில், வடபழனிக்குப் பின்னால் இருக்கும் கன்னார் தோட்டத் தெருவில், எந்தக் கோடையிலும் வற்றாத குழாயடிக் குட்டைக்கு மேலே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு சிறுமி தாண்டுகிற கோலத்தில் அப்படியே நின்றாள். முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, அவள் பாவாடை நுனி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளாதபடி ஓரமாக உருட்டிக்கொண்டு போய், அடுத்த வீட்டில் வழக்கம்போல அரை லிட்டர் ஊற்றிவிட்டு, குட்டைமேல ஒரு பொண்ணு நிக்குது, பாத்துப் போங்க என்று சொல்லிவிட்டு அதற்கடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் யாரென்று தெருவுக்குத் தெரியாமல் இல்லை. தெருவின் நடுவில், கீழச் சாரியில், கார்ட்டூன் கம்பெனி என்று எல்லோரும் சொல்லும் ஓட்டு வீட்டில் வரைந்துகொண்டிருந்த படத்தில் வரும் பெண்தான் அவள். தேங்கிய தண்ணீரில் குழந்தைகள் கால் வைக்கக் கூடாது என்று சொல்வதற்காக ஏதோ ஒரு அரசாங்க இலாகா கேட்டிருந்த இரண்டு நிமிடப் படத்தில், பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு குட்டையைத் தாண்டி வலப்பக்கமாக ஓடி மறைய வேண்டியவள். ஒன்பது வயதுப் பெண்ணின் உயரம், மஞ்சள் சட்டை, பச்சைப் பாவாடை, இரட்டைப் பின்னல், சுற்றிலும் கறுப்பு மசியில் ஒரே சீரான கோடு. கண்ணாடித் தாளில் முன்பக்கம் கோடு போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவதுதான் அந்தத் தொழிலின் முறை என்பதால், கீழச் சாரியில் இருப்பவர்களுக்கு அவள் முகமும் மூக்கும் நெற்றிப் பொட்டுமாக லட்சணமாகத் தெரிந்தாள். மேலச் சாரியில் இருப்பவர்களுக்கோ, தூரிகை போன போக்கெல்லாம் தெரிகிற மாதிரி, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வழிந்த வெறும் வண்ணத் திட்டுகளாகத்தான் தெரிந்தாள். அந்த வருத்தம் மேலச் சாரிக்குக் கடைசிவரை இருந்தது.

அந்தக் கம்பெனியில் வரையும் நவநீதம் எட்டரை மணிக்கு வேலைக்கு வந்தாள். குட்டைக்கு இந்தப் பக்கம் நின்று சிறுமியை அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கம்பெனி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிற்றம்பலம் சாருக்காக அழுகிறாள் என்று தெருவே நினைத்தது. பாதி உண்மை அது. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சிறுமியின் கண்கள் மூடியிருந்தன, மூடியவள் நவநீதம்.

இதைப் புரிந்துகொள்ள அந்த வீட்டுக்குள் நடந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் ஒரு நொடி ஒருத்தி நடக்கப் பன்னிரண்டு படம் வேண்டும். பன்னிரண்டையும் ஒரே ஆள் வரைவதில்லை. புறப்படுகிற படம், உச்சியில் இருக்கிற படம், கால் ஊன்றுகிற படம் என்று முக்கியமானதை மட்டும் பெரியவர் வரைவார். அதற்குக் கீ என்று பெயர். கீ வரைந்தால் மூலையில் அதன் எண்ணை எழுதி நீலப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவில் வருகிற படங்களை, கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இதுவுமல்லாமல் அதுவுமல்லாமல் இடையில் இழுப்பது இன்னொருவர் வேலை. பன்னிரண்டு வருஷமாக நவநீதம் அந்த இடைப்படங்களைத்தான் வரைந்தாள். இடைப்படத்துக்கு எண் உண்டு, வட்டம் கிடையாது. ஐந்து பெண்களில் மூன்றாவதாகப் பிறந்து, மூத்தவர்களின் பாவாடையை உடுத்தி இளையவர்களுக்குக் கழற்றிக் கொடுத்து, முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணத்துக்கும் கல்யாணமில்லாததற்கும் நடுவிலேயே நின்றுவிட்ட நவநீதத்துக்கு அந்த வேலை பழகின செருப்பு மாதிரிப் பொருந்தியிருந்தது. ஆரம்பமும் முடிவும் குடுங்க சார், நடுவுல நான் பாத்துக்கறேன் என்பாள்.

சிற்றம்பலம் எல்லாவற்றையும் வரைவார், கண்ணை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவார். கண் சிமிட்டுவது நவநீதத்தின் பொறுப்பு. தலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்பும்போதும் உடம்பு துள்ளும்போதும் நடுவில் ஒரு சிமிட்டல் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருள்ள பெண்ணாகத் தெரியாது, மரப்பாச்சியாகத் தெரியும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். ஒன்று, ஐந்து, ஒன்பது என்று மூன்று கீ வரைந்து, ஒன்பதில் சிறுமியை உச்சியில் நிறுத்திவிட்டு, நாளைக்கு வந்து பதிமூன்றாவதில் இவளைத் தரையில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லி சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்ச் சாரியில் இருக்கும் வீட்டுக்குப் போனார் சிற்றம்பலம். நவநீதம் ஒன்பதாவது படத்தில் கண்ணை மூடினாள். அடுத்த படத்தில் திறக்கத்தான் போகிறோம் என்கிற நினைப்பில் மூடினாள். கேமராக்காரர் தாவூத் பாய் அன்று சாயங்காலமே ஒன்பதையும் படம் பிடித்தார். சிற்றம்பலம் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கண்ணாடித் தாள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது, கிடைப்பது குதிரைக் கொம்பு, ஆகவே படம் பிடித்ததும் தாளைக் கழுவி மறுபடி அதிலேயே வரைவது அங்கே வழக்கம். துக்கம் விசாரித்துவிட்டு வந்த பிறகு நவநீதமே அந்த ஒன்பது தாளையும் கழுவினாள். மஞ்சளும் பச்சையும் கறுப்புமாகக் கரைந்த தண்ணீர் கால்வாய் வழியாக ஓடிக் குட்டையில் கலந்தது. அதற்கு மேலே சிறுமி நிறம் மாறாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அவளோடு வாழத் தெரு ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டது. ரேஷன் கடை வரிசை நேராக வந்து, குட்டையருகே வளைந்து, அவளைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போனது. மழை வந்தபோது கீழச் சாரிக்காரர்கள் கட்டிலின் கொசுவலைக் கம்புகளை நட்டு அவள் தலைக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். மாநகராட்சியிலிருந்து வந்த ஒருவர் இழுப்பு நாடாவால் அவள் பாதத்துக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். கல்யாண ஊர்வலம் வந்தால் நாதஸ்வரக்காரர்கள் அங்கே மட்டும் ஒற்றை வரிசையாகப் போனார்கள். மார்கழியில் அவளுக்கு நேர் கீழே, குட்டையின் கரையோடு, பெண்கள் கோலத்தை விரித்தார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஒரு வீட்டில் அவள் பச்சையம்மா, அடுத்த வீட்டில் ரோஸி, அதற்கடுத்த வீட்டில் வெறும் பாப்பா. மூடிய கண்ணைப் பார்த்து, அவள் தவத்தில் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அது நிலைத்தும்விட்டது. பரீட்சைக்குப் போகிறவர்களும் பிரசவத்துக்குப் போகிறவர்களும் அவளுக்குக் கீழே ஒரு முழம் கதம்பத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

தவம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நவநீதம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குத் தெரியும் அது தவமில்லை என்று. ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் மூடியிருக்க வேண்டிய கண். அது ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதமாக மூடியிருந்தது. இருட்டில், காலுக்கடியில் தரை இருக்கிறதா என்று தெரியாமல், ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது. காலையில் வேலைக்கு வரும்போதும் சாயங்காலம் போகும்போதும் அவள் சிறுமியின் பக்கத்தில் கொஞ்சம் நின்று, மன்னிச்சுக்கோடி கண்ணு என்று மனசுக்குள் சொல்லிவிட்டுப் போவாள்.

கம்பெனி முதலாளி சும்மா இருக்கவில்லை. வேறு கம்பெனிகளிலிருந்து கெட்டிக்காரப் படக்காரர்கள் இரண்டு பேரை வரவழைத்தார். முதலாமவர் சிறுமி இரண்டு காலையும் சேர்த்து ஊன்றுகிற மாதிரிப் பதிமூன்றாவது படத்தை வரைந்தார். நவநீதம் பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் இழுத்தாள். தாவூத் பாய் பத்தாவது தாளைக் கேமராவுக்குக் கீழே வைத்து விசையை அமுக்கினதும், வெளியே சிறுமியின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது, குதிகால் அந்தரத்திலேயே சறுக்கியது, பின்னல் ஒன்று விறைத்து நின்றது. தாளை எடுத்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தாள். இரண்டாமவர் படத்துக்கு இன்னும் மோசமாக நடுங்கினாள். இனி யாரும் தொட வேண்டாம் என்று தெரு கும்பலாக வந்து சொன்னது. சரிதான் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

எல்லோரையும்விட அதில் உறுதியாக இருந்தவர் சிற்றம்பலத்தின் மனைவி சொர்ணத்தம்மாள். மேலச் சாரியில், சிறுமிக்கு நேரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து, வண்ணத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நவநீதத்தைக் கூப்பிட்டனுப்பினார். காபி கொடுத்தார். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவ கால் தரையில பட்டுடுச்சுன்னா அவரு வேலை முடிஞ்சுபோயிடும் நவநீதம். இப்போ பாதிதான் முடிஞ்சிருக்கு. பாதி வேலைய வச்சுட்டு வெளிய போனவர் மாதிரிதான் நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அத எங்கிட்டேருந்து எடுத்துடாதே."

நவநீதம் சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு முக்காலியைக் கம்பெனி வாசலில் போட்டுக்கொண்டு, மதிய சாப்பாட்டு நேரத்தில், தெருவில் போகிறவர்களையெல்லாம் சிறுமிக்குப் பக்கத்தில் குட்டையை ஒரு தடவை தாண்டச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தாள். வரையத் தெரியாவிட்டால் செய்து பார், செய்யத் தெரியாவிட்டால் செய்கிறவர்களைப் பார் என்று சிற்றம்பலம் சொல்லியிருந்தார். தபால்காரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தாண்டினார். டீச்சரம்மா குடையை ஊன்றித் தாண்டினார். கவுன்சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தாண்டினார். நாளடைவில் தாண்டுவது ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. நவநீதம் ஆறு நோட்டுப் புத்தகம் நிரப்பினாள். ஒன்றும் சிறுமிக்குப் பொருந்தவில்லை. தாண்டினவர்கள் எல்லோரும் தரை எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்களாகவே இறங்கினார்கள்.

ஏழாவது மாதம், இஸ்திரி போடும் மாசிலாமணி கீழச் சாரிக்குத் துணி கொடுக்க வந்தான். மேலச் சாரிக்காரன். இத்தனை நாளும் வண்டியை விட்டு இந்தப் பக்கம் வராதவன். துணி மூட்டையோடு சிறுமியின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தவன், முக்காலியில் இருந்த நவநீதத்திடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இன்னாம்மா இது, கொழந்தைக்குக் கண்ணு தெரியாதா?"

அவ்வளவுதான். ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்தது உடைந்துபோயிற்று. நவநீதம் நோட்டைப் போட்டுவிட்டு நேராகத் தெருவைக் கடந்து சொர்ணத்தம்மாளின் வீட்டுக்குப் போய், அவர் கையைப் பிடித்து, ஒரு நிமிஷம் வாங்கம்மா என்று அழைத்துக்கொண்டு வந்தாள். புருஷன் போனதிலிருந்து வாசல் தாண்டாத மனுஷி. குட்டையைச் சுற்றி மெல்ல நடந்து கீழச் சாரிக்கு வந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தன் ஜன்னலிலிருந்து திட்டாகவே பார்த்திருந்த மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரு முகம் இருப்பதைப் பார்த்தார். அந்த முகத்தில் கண் மூடியிருப்பதைப் பார்த்தார்.

"அவரு இவ்ளோ நேரம் கண்ண மூடி வைக்க மாட்டாரே" என்றார்.

"அவர் இல்லம்மா. மூடினது நான். அடுத்த படத்துல தொறக்கலாம்னு மூடினேன். அடுத்த படம் வரவே இல்ல. ஏழு மாசமா இருட்டுல நிக்கிறா."

சொர்ணத்தம்மாள் திட்டவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அறுபது வயது, முழங்கால் வலி, ஏழு மாதத்தில் பாதியாக இளைத்த உடம்பு. வேண்டாம்மா என்று நவநீதம் பிடிக்கப் போனதற்குள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிறுமி கால் தூக்கிய இடத்திலேயே தன் காலைத் தூக்கி, குட்டையைத் தாண்டினார்.

வலது கால் முதலில் பட்டது, பெருவிரல் தரையைத் தேடி, தொட்டு, நம்பி, பிறகுதான் குதிகால் இறங்கியது. இடது கை பக்கவாட்டில் விரிந்தது. முழங்கால் மடங்கி, உடம்பு ஒரு தடவை ஆடி நின்றது. நின்றதும் சொர்ணத்தம்மாள் திரும்பிப் பின்னால் பார்த்தார். நாற்பது வருஷமாக மழைக்காலத்தில் தாண்டின ஒவ்வொரு குட்டையிலும், தான் தாண்டி முடித்து, பின்னால் குடையும் பையுமாக ஒருத்தர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துப் பழகின கழுத்து அது. தானாகத் திரும்பியது. அங்கே யாரும் இல்லை என்பது ஒரு கணம் கழித்துத்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். ஏழு மாதத்தில் அன்றுதான் வாய்விட்டு அழுதார். நவநீதமும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே அவள் கண் அந்த வலது காலின் பெருவிரலை விட்டு நகரவில்லை.

எழுந்தபோது சொர்ணத்தம்மாள் சொன்னது ஒன்றே ஒன்று: "போய் வரைஞ்சுடு."

நான்கு நாள் வரைந்தாள். பதிமூன்றாவது படத்தை வரைந்து முடித்ததும் மூலையில் எண்ணை எழுதினாள். வட்டம் போடக் கை வரவில்லை. இது என் படமா, அவருடையதா, அந்தம்மா காலா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இலாகா கேட்காத ஒன்றை, சிறுமி திரும்பிப் பார்ப்பதை, ஒரு முழு நொடிக்குப் பன்னிரண்டு படமாக வரைந்தாள். பிறகு ஓடி மறைவதற்கு எட்டு. முதலாளி எங்கிருந்தோ முப்பது கண்ணாடித் தாள் வாங்கி வந்து மேஜையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் படம் பிடித்தார்கள். தாளை வைத்து, தூசி துடைத்து, கண்ணாடியால் அமுக்கி, இரண்டு தடவை விசையைத் தட்டி, அடுத்த தாளுக்கு வர ஐந்து நிமிஷம். உள்ளே ஒரு தாள் மாறினால் வெளியே சிறுமி ஒரு படம் நகர்ந்தாள். பத்தாவது தாள் வைத்தபோது நவநீதம் வாசலைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. வாசலில் நின்ற மாசிலாமணி உள்ளே எட்டிப் பார்த்து, கண்ணு பாதி தொறந்துச்சும்மா என்றான். பதினொன்றில் முழுசும் தொறந்துடுச்சு என்றான். பதிமூன்றில் பெருவிரல் தரையைத் தேடி, தொட்டு, நம்பி, குதிகால் இறங்கி, குட்டைத் தண்ணீர் தெறித்து முன்வரிசையில் நின்றவர்களின் வேட்டியிலும் சேலையிலும் மஞ்சளும் பச்சையுமாகப் பட்டது. யாரும் அதை உதறவில்லை.

திரும்பிப் பார்க்கும் படங்களுக்கு வந்தபோது தாவூத் பாய் தாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தலை திரும்புது, நடுவுல சிமிட்டல் வைக்க மறந்துட்டியே என்றார்.

"மறக்கல பாய். அவ மூடினதெல்லாம் போதும்."

தாளில் கைரேகை படாமலிருக்க அவள் போட்டிருந்த நூல் கையுறையைத் தாவூத் பாய் கழற்றி வாங்கித் தானே மாட்டிக்கொண்டு, வரிசையை நான் பாத்துக்கறேன், நீ வெளிய போய் நில்லு என்றார்.

வெளியே இரண்டு சாரியும் ஒன்றாகக் கீழச் சாரியில் நெருக்கி நின்றது. சிறுமி யாரைப் பார்ப்பாள் என்று ஆளாளுக்கு முன்னே வர, சொர்ணத்தம்மாள் மட்டும் கூட்டத்துக்குள் நுழைந்து, குட்டைக்குப் பின்னால், சிறுமி கிளம்பின இடத்துக்கு இரண்டடி தள்ளி, கையை விரித்து ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தார். இந்த எடத்துல மட்டும் யாரும் நிக்காதீங்க, ஒரு ஆளுக்கு எடம் விடுங்க என்றார். கவுன்சிலர்கூட நகர்ந்துகொண்டார். குடையும் பையுமாக ஒருத்தர் நிற்கிற அளவுக்கு ஒரு வெற்றிடம் அந்த நெருக்கத்துக்குள் உண்டாயிற்று.

ஒரு நொடி, ஒரு மணி நேரம் நடந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுத்து கொஞ்சம், பின்னல் கொஞ்சம், கன்னம் கொஞ்சம் என்று திரும்பி, கண் இமைக்காமல், ஏழு மாத இருட்டுக்கும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி அகலத் திறந்து, தெருவை, தார்ப்பாயை, வாடின கதம்பத்தை, இத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து வந்து, பன்னிரண்டாவது படத்தில் அந்த வெற்றிடத்தில் நின்றது சிறுமியின் பார்வை. நவநீதம் வரைந்திருந்ததும் அந்த இடத்துக்குத்தான். அவள் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொர்ணத்தம்மாள் கேட்டிருக்கவும் இல்லை.

பிறகு எட்டுப் படத்தில் சிறுமி ஓடினாள். மாவு மில்லைத் தாண்டி, தெரு முனையில், வலப்பக்கமாக மறைந்தாள். இன்றைக்கும் ரேஷன் வரிசை அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது.

கூட்டம் கலைந்தது. சொர்ணத்தம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். குட்டையைச் சுற்றிப் போவார் என்று நினைத்து நவநீதம் கைகொடுக்கப் போனாள். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, தாண்டினார். பெருவிரல் தேடியது, தொட்டது, குதிகால் இறங்கியது. திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்குள் போனார்.

நவநீதம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கையில் செருப்போடு குட்டைக் கரையில் நிற்கிற ஒரு பெண்மணியை வரைந்தாள், கண்ணோடு சேர்த்து. மூலையில் ஒன்று என்று எழுதினாள். சிற்றம்பலத்தின் மேஜையிலிருந்து நீலப் பென்சிலை எடுத்து வந்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.